இரவு ஜொப் விழுந்துகொண்டே இருக்கு: "ஐடி ஏற்கனவே இருக்கு" எண்டு போஸ்ட்கிரெஸ் சொல்லுது

கண்டாவளைப்பெடியன் | திங்கள் இரவு 9.40

வணக்கம் எல்லாருக்கும். கிளிநொச்சிப் பக்கம் ஒரு பால் கூட்டுறவுச் சங்கத்துக்குச் சொவ்ட்வெயர் வேலை பாக்கிறன். 15ஆம் திகதி பால் காசு போட வேணும். அதுக்கு முதல் இதைச் சரிப்படுத்தாட்டி நிறையச் சனம் காசில்லாமல் நிக்கும், அதாலதான் இந்த நேரத்தில எழுதுறன்.

விசுவமடு, புதுக்குடியிருப்பு, ஒட்டுசுட்டான், நெடுங்கேணி எண்டு 11 சேகரிப்பு நிலையம் இருக்கு. ஒவ்வொண்டிலயும் ஒரு லாப்டொப், அதுக்குள்ள ஒரு சின்ன எஸ்கியூலைட் டேட்டாபேஸ். விடியப் பால் கொண்டு வாற ஆக்களுக்கு அளந்து, லக்டோமீற்றர் போட்டுப் பாத்து, துண்டு அடிச்சுக் குடுப்பினம். ஒரு துண்டில பசுப்பால் ஒரு வரி, எருமைப்பால் இருந்தால் இன்னொரு வரி. பின்னேரம் போனில ஹொட்ஸ்பொட் போட்டு ரெண்டு சீஎஸ்வீ ஃபைல் அனுப்புவினம்: ஒண்டில துண்டுகள், மற்றதில அந்தத் துண்டுகளின்ரை வரிகள். இரவு 11 மணிக்குப் பைதன் ஜொப் ஒண்டு எல்லாத்தையும் எடுத்து மத்திய டேட்டாபேசில ஏத்தும்.

போன வியாழன் பழைய சேர்வரில இருந்து புதுசுக்கு மாறினம். பழசு மைஎஸ்கியூஎல், புதுசு போஸ்ட்கிரெஸ் 14, ரெண்டும் டேட்டாபேஸ் சொவ்ட்வெயர். பழைய தரவை சீஎஸ்வீயா இறக்கி, ஃபைலை அப்பிடியே அட்டவணைக்குள்ள கொட்டுற கொப்பி கட்டளையால ஏத்தினன். எண்ணிக்கை எல்லாம் சரியா வந்தது. அண்டு இரவே ஜொப் விழுந்திட்டுது:

"டூப்ளிகேட் கீ வேல்யூ வயலேட்ஸ் யுனீக் கன்ஸ்ட்ரெயின்ட்", கீழ "கீ (ஐடி)=(1) ஏற்கனவே இருக்கு".

சீஎஸ்வீயில ஐடி எண்டு ஒரு நிரலே இல்லை. நான் ஐடி குடுக்கவே இல்லை. திருப்பி ஓட விட்டன், இப்ப (ஐடி)=(2) எண்டுது. இன்னொருக்கா ஓட விட 3. இண்டைக்கு 9இல நிக்குது. தெரிஞ்ச ஒராள் போனில சொன்னார், பிரைமரி கீயை (ஒரே ஐடி ரெண்டு தரம் வராமல் காக்கிறது) கழட்டிப்போட்டு ஏத்து, பிறகு பாக்கலாம் எண்டு. கை போகேல்லை. ஆராவது சொல்லுங்கோ.

மாங்குளம்சந்தி | திங்கள் இரவு 10.05

கை போகாதது நல்லதுக்குத்தான் தம்பி, கழட்டிப் போடாதை. கழட்டினால் ஜொப் ஓடும், ஆனால் ஒரே ஐடியில ரெண்டு துண்டு வந்திடும். பிறகு எந்த வரி எந்தத் துண்டுக்கு எண்டு ஆராலயும் சொல்ல ஏலாது.

எனக்கும் இது ஒருக்கா வந்தது. சீக்குவன்ஸை, அதான் ஐடி எண்ணை வரிசையாய்க் குடுக்கிற சாமானை, ஒரு கோடிக்குத் தூக்கி விட்டன், அதுக்குப் பிறகு பிரச்சினை வரேல்லை. நீயும் அப்பிடிச் செய்து இண்டைய இரவைத் தாண்டு.

பாலைப்பழம் | திங்கள் இரவு 10.32

தம்பி, எண் ஒவ்வொரு முறையும் ஒண்டு ஒண்டாய்க் கூடுது எண்டு பாத்து எழுதினீங்கள் பாருங்கோ, நோயைக் காட்டுற அடையாளமே அதுதான். தரவில பிழை இருந்தால் ஒவ்வொரு முறையும் அதே எண்ணில விழ வேணும். எண் நகருது எண்டால் எண் குடுக்கிற இடத்திலதான் பிழை.

ஆசுப்பத்திரியில வாசலில இருந்து நம்பர் துண்டு குடுக்கிற ஆளை நினைச்சுப் பாருங்கோ. அவர் உள்ளுக்க எட்டிப் பாக்க மாட்டார். கையில உள்ள கட்டில அடுத்த துண்டைக் கிழிச்சுக் குடுப்பார், அவ்வளவுதான். போஸ்ட்கிரெசில சீக்குவன்ஸ் அந்த ஆள். அது அட்டவணையோட ஒட்டின சாமான் இல்லை, தனிப் பொருள். நீங்கள் கொப்பி கட்டளையால பழைய ஐடிகளையும் சேர்த்து ஏத்தேக்கை, எல்லாரையும் பின்கதவால உள்ளுக்க கொண்டு போய் இருத்திப்போட்டீங்கள். வாசலில இருக்கிறவருக்கு அது தெரியாது. அவர் 1ஆம் நம்பரில இருந்து தொடங்கிறார், உள்ளுக்க 1 ஏற்கனவே இருக்கு.

பிறகு ஏன் 2, 3 எண்டு போகுது? கிழிச்ச துண்டைத் திரும்பக் கட்டில ஒட்டுறதில்லை. ட்ரான்சாக்சன் (ஒண்டாய்ச் செய்யிற வேலைத்தொகுதி) றோல்பக் ஆகி, செய்தது எல்லாம் இல்லையெண்டு போனாலும் சீக்குவன்ஸ் பின்னுக்கு வராது. அப்பிடித்தான் அதைக் கட்டியிருக்கினம். பின்னுக்கு வாறதெண்டால், ஒருத்தர் கொமிட் பண்ணி வேலையை உறுதியாக்கும் வரைக்கும் மற்ற எல்லாரும் வரிசையில நிக்க வேணும்.

மைஎஸ்கியூஎல்லில இது வராததுக்குக் காரணம் இருக்கு. அங்கை ஓட்டோ இன்கிறிமென்ட் அட்டவணைக்குள்ளயே இருக்கு. நீங்கள் 41,000 எண்டு ஒரு ஐடியைக் கையால போட்டால், அடுத்த எண்ணை அது தானாகவே 41,001க்கு நகர்த்தும். அந்தப் பழக்கத்தோட போஸ்ட்கிரெசுக்கு வாற எல்லாரும் இந்தக் கல்லில கால் தட்டுப்படுறவை.

சரிசெய்யிறது ஒரு வரி, அட்டவணையில ஆகக் கூடின ஐடியைப் பாத்து சீக்குவன்ஸை அதுக்கு அடுத்த எண்ணில வைக்கும்:

செலெக்ட் செட்வல்(பீஜீ_கெட்_சீரியல்_சீக்குவன்ஸ்('துண்டு', 'ஐடி'), கோவலெஸ்(மாக்ஸ்(ஐடி), 0) + 1, ஃபோல்ஸ்) ஃப்ரம் துண்டு;

கடைசியில ஃபோல்ஸ் எண்டு போட்டால், அடுத்த முறை கேக்கேக்கை நாங்கள் குடுத்த அந்த எண்ணே வரும். போடாட்டி அதுக்கு அடுத்த எண் வரும். கோவலெஸ் எதுக்கெண்டால், அட்டவணை வெறுமையாய் இருந்தால் மாக்ஸ் நல் (பெறுமதி ஒண்டும் இல்லை) எண்டு வரும், நல்லைக் குடுத்தால் செட்வல் ஒண்டும் செய்யாமல் பேசாமல் இருந்திடும். எரர்கூட வராது.

ஜொப்பை நிப்பாட்டிப்போட்டுச் செய்யுங்கோ. மாக்ஸைப் பாத்து செட்வல் போடுற இடைவெளியில வேற ஆரும் எழுதினால் பழையபடி முட்டும். நிப்பாட்ட ஏலாத இடமெண்டால், ஒரு ட்ரான்சாக்சனுக்குள்ள அட்டவணையை எக்ஸ்க்ளூசிவ் மோடில லொக் பண்ணிப்போட்டுச் செய்ய வேணும்.

மாங்குளம்சந்தி, ஒரு கோடிக்குத் தூக்கினால் இண்டைக்கு ஓடும், உண்மை. ஆனால் ஏன் வந்தது எண்டு தெரியாமல் போகும், அடுத்த அட்டவணையில அதே வருத்தம் வரும். தம்பி, நீங்கள் கொப்பி போட்ட ஒவ்வொரு அட்டவணையிலயும் இதைச் செய்ய வேணும். உறுப்பினர் அட்டவணையில புது ஆள் சேரும் வரைக்கும் அது வெளியில தெரியாது.

கண்டாவளைப்பெடியன் | திங்கள் இரவு 11.20

அக்கா, கோடி நன்றி. 7 அட்டவணை, ஏழிலயும் போட்டன். ஆறில சரியா வந்தது. உறுப்பினர் அட்டவணையில மட்டும் பீஜீ_கெட்_சீரியல்_சீக்குவன்ஸ் வெறுமையாத் தருது. ஆனால் சீக்குவன்ஸ் இருக்கு, லிஸ்டில பாத்தன்.

பாலைப்பழம் | திங்கள் இரவு 11.28

அதைக் கையால உண்டாக்கி, டிபோல்ட்டில நெக்ஸ்ட்வல் (சீக்குவன்ஸிட்டை அடுத்த எண்ணைக் கேக்கிறது) எண்டு எழுதி விட்டிருப்பீங்கள். நிரலுக்குச் சொந்தம் எண்டு பதியாட்டி அந்த ஃபங்சனுக்கு அது தெரியாது. ஓல்ட்டர் சீக்குவன்ஸ் போட்டு, ஓண்ட் பை உறுப்பினர்.ஐடி எண்டு குடுங்கோ. பிறகு பிடிக்கும்.

கண்டாவளைப்பெடியன் | செவ்வாய் காலை 5.50

ஓடினது. நாலு நாள் ஃபைலும் ஏறிட்டுது. காலமை 2 மணி வரைக்கும் இருந்து பாத்தன்.

முதிரை | செவ்வாய் காலை 8.15

நெடுங்கேணிக்காரன், இப்ப கொழும்பில ஒராக்கிள் (இதுவும் ஒரு டேட்டாபேஸ்) பக்கம் வேலை. தம்பியின்ரை இழையைத் தேடி வாற ஆக்களில சிலர் ஒராக்கிளில இருப்பினம், அவைக்காக ஒரு சில வரி.

ஓஆர்ஏ-02289 எண்ட எரர், சீக்குவன்ஸ் இல்லை எண்டு வந்தால், பெரும்பாலும் சீக்குவன்ஸ் இருக்கும். நீங்கள் எழுதிச் சோதிச்ச யூசர் அதுக்குச் சொந்தக்காரன், இரவில ஜொப்பை ஓட்டுற யூசர் வேற ஆள். ஒண்டில் அனுமதி இல்லை, இல்லாட்டி ஸ்கீமா பேர் போடாமல் எழுதியிருப்பீங்கள், சினோனிமும் (மாற்றுப்பேர்) இல்லை. சோதனைச் சேர்வரில ஓடும், உண்மையான சேர்வரில விழும். இதில எனக்கு ரெண்டு இரவு போனது.

ஓஆர்ஏ-08002 எண்டால், அந்த செசனில நெக்ஸ்ட்வல் கேக்காமலே கர்வல் (கடைசியாய் எடுத்த எண்) கேட்டிருக்கிறீங்கள். ஒரு சில கனெக்சனை எல்லாரும் மாறி மாறிப் பாவிக்கிற கனெக்சன் பூலுக்குள்ளால போற ஜொப்புகளில இது வரும். நெக்ஸ்ட்வல் ஒரு கனெக்சனில போகும், கர்வல் இன்னொண்டில போய் நிக்கும்.

ஓஆர்ஏ-00001 தம்பிக்கு வந்த அதே சங்கதி.

போஸ்ட்கிரெசிலயும் அனுமதிப் பிரச்சினை இருக்கு. அட்டவணைக்கு இன்சேர்ட் அனுமதி குடுத்தால் சீரியல் நிரலின்ரை சீக்குவன்சுக்கும் சேர்த்துக் குடுத்ததாய் ஆகாது, அதுக்குத் தனியாய் யூசேஜ் குடுக்க வேணும். ஐடென்டிட்டி நிரல் (எண்ணைத் தானே போடுற புது வகை) எண்டால் அந்தத் தொல்லை இல்லை.

கண்டாவளைப்பெடியன் | புதன் மதியம் 1.10

இதை எழுத மனம் சரியில்லை, ஆனால் எழுதத்தான் வேணும்.

இண்டைக்கு விசுவமடுவில இருந்து ஒரு அம்மா பால் புத்தகத்தோட கந்தோருக்கு வந்தவ. மழைக்க வந்து, புத்தகத்தை ஷொப்பிங் பையுக்குள்ள சுத்தி வச்சிருந்தவ. போன மாசத்துப் பில்லில தனக்கு லீற்றர் குறைவு எண்டு சொன்னா. நிலையத்தில பேனையால எழுதிக் குடுத்ததைக் காட்டினா: ஒரு நாள் காலமை பசு ஆறரை, எருமை நாலு. எங்கடை டேட்டாபேசில அதே நாள் அவவின்ரை துண்டில பசு ஆறரை மட்டும்தான் இருக்கு. எருமைப்பால் நாலு லீற்றர் இல்லை. தேடிப் பாத்தால் அந்த நாலு லீற்றர் ஒட்டுசுட்டானில வேற ஒராளின்ரை துண்டில இருக்கு.

போன மாசமே ரெண்டு மூண்டு பேர் குறையுது எண்டு சொன்னவை. நாங்கள் அதைக் கணக்கெடுக்கேல்லை. காலபோக விதைப்பு, வயலுக்க மாடு விடேலாது, எல்லாரும் காட்டுக்கரைக்கு ஓட்டிப்போட்டினம், மேய்ச்சல் இல்லாமல் பால் குறையிறது ஒவ்வொரு மாரியும் நடக்கிறதுதானே எண்டு நினைச்சம். மாட்டில குறையேல்லை, எங்கடை ஜொப்பிலதான் குறைஞ்சிருக்கு.

இது சேர்வர் மாத்தினதால வந்ததில்லை, அதுக்கு முதலே நடந்திருக்கு. எங்கை தேடுறது எண்டு விளங்கேல்லை.

பாலைப்பழம் | புதன் மதியம் 1.45

தம்பி, முதல் பிரச்சினையை விட இது பெரிசு. அது சத்தம் போட்டு விழுந்தது, இது சத்தமில்லாமல் ஓடியிருக்கு. அந்த அம்மா புத்தகத்தைக் கவனமாய் வச்சிருந்ததாலதான் பிடிபட்டது.

ஒரு கேள்வி. துண்டை இன்சேர்ட் பண்ணின பிறகு, அதின்ரை வரிகளைப் போட அந்தத் துண்டின்ரை ஐடியை எப்பிடி எடுக்கிறீங்கள்?

கண்டாவளைப்பெடியன் | புதன் மதியம் 2.02

இன்சேர்ட் பண்ணி கொமிட். பிறகு செலெக்ட் மாக்ஸ்(ஐடி). வந்த எண்ணை வரிக்குப் போடுறன். ரெண்டாவது வரி இருந்தால் அதுக்கும் திருப்பி மாக்ஸ் எடுக்கும்.

பாலைப்பழம் | புதன் மதியம் 2.06

ஜொப் ஒரே ப்ரொசெஸா ஓடுதா?

கண்டாவளைப்பெடியன் | புதன் மதியம் 2.09

இல்லை. கரண்ட் அடிக்கடி போகுது, யூபிஎஸ் தாங்குற நேரத்துக்குள்ள முடிய வேணும் எண்டு போன மாசம் நாலாய்ப் பிரிச்சனான். ஒரே நேரத்தில நாலு நிலையத்தின்ரை ஃபைல் ஏறும்.

விளங்கீட்டுது.

பாலைப்பழம் | புதன் பிற்பகல் 3.30

ஓம். மற்ற ஆக்களுக்கும் விளங்கட்டும் எண்டு விரிச்சு எழுதுறன்.

விசுவமடு ஃபைலை ஏத்துற ப்ரொசெஸ் அந்த அம்மாவின்ரை துண்டைப் போடுது, 501 கிடைக்குது. மாக்ஸ் கேக்குது, 501. பசுப்பால் வரி சரியான இடத்தில விழுது. அந்த நேரம் ஒட்டுசுட்டான் ப்ரொசெஸ் தன்ரை துண்டைப் போட்டு கொமிட் பண்ணுது, அது 502. இப்ப விசுவமடு ப்ரொசெஸ் எருமைப்பாலுக்குத் திருப்பி மாக்ஸ் கேக்குது. வாறது 502. நாலு லீற்றர் ஒட்டுசுட்டானுக்குப் போட்டுது. வரி காட்டுற துண்டு இருக்கா எண்டு பாக்கிற அந்நியச் சாவி சோதனை இதைப் பிடிக்காது. 502 எண்டு ஒரு துண்டு உண்மையிலேயே இருக்கு, சோதனைக்கு அது காணும்.

மாக்ஸ்(ஐடி) எண்டால் "எல்லாரிலயும் கடைசி ஆள் ஆர்" எண்ட கேள்வி. உங்களுக்குத் தேவை "நான் இப்ப போட்டது எது" எண்ட கேள்வி. ஒரு ப்ரொசெஸ் ஓடும் வரைக்கும் ரெண்டுக்கும் ஒரே விடை வரும், அதாலதான் இவ்வளவு காலமும் தெரியேல்லை. போஸ்ட்கிரெசில ரெண்டாவது கேள்விக்கு விடை ரிட்டேணிங். இன்சேர்ட் வசனத்தின்ரை கடைசியில ரிட்டேணிங் ஐடி எண்டு எழுதினால், போட்ட வரியின்ரை ஐடி அந்த வசனத்தோடயே திரும்பி வரும். கர்வலும் செசனுக்குள்ளதான் பாக்கும், மற்றவை எடுத்த எண் அதுக்குத் தெரியாது. ஆனால் முதிரை சொன்ன மாதிரி நடுவில பூல் இருந்தால் அதையும் நம்பேலாது.

உங்கடை ஜொப்புக்கு நான் இன்னும் ஒரு படி போவன். நிலையத்திலேயே ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு எண் அடிக்கினம்தானே? ரெண்டு சீஎஸ்வீயிலயும் அந்த எண் இருக்கா?

கண்டாவளைப்பெடியன் | புதன் பிற்பகல் 3.41

இருக்கு அக்கா. ஏத்தேக்கை அதை விட்டிட்டு ஏத்துறன். நிலையத்துக்கு நிலையம் அதே எண் திருப்பி வரும், அதால பிரயோசனம் இல்லை எண்டு நினைச்சன்.

பாலைப்பழம் | புதன் பிற்பகல் 4.10

நிலையக் குறியீடும் துண்டு எண்ணும் சேர்ந்தால் திருப்பி வராது. பால் பிறந்த இடத்தில அதுக்கு வச்ச பேர் அது, அதை எறியக்கூடாது. துண்டு அட்டவணையில இந்த ரெண்டு நிரலையும் சேருங்கோ, ரெண்டுக்கும் சேர்த்து யுனீக் போடுங்கோ. ஃபைல் ரெண்டையும் முதல் ஒரு இடைத்தங்கல் அட்டவணையில அப்பிடியே கொட்டுங்கோ, ஒரு மாற்றமும் செய்யாமல். பிறகு துண்டுகளை ஒரே வசனத்தில ஏத்துங்கோ. வரிகளை ஏத்தேக்கை நிலையக் குறியீடு, துண்டு எண் ரெண்டாலயும் ஜொயின் பண்ணி ஐடியை எடுங்கோ. எத்தினை ப்ரொசெஸ் ஓடினாலும் மாறி விழ வழியில்லை. சிக்னல் இல்லாமல் நெடுங்கேணிக்காரர் ஒரே ஃபைலை ரெண்டு தரம் அனுப்பினாலும் யுனீக் தடுத்திடும்.

பழைய சீஎஸ்வீ எல்லாம் கிடக்கா? கிடந்தால் அவையளையும் இடைத்தங்கலில கொட்டி, துண்டு துண்டாய் ஒப்பிட்டால் எந்த வரி எங்கை போனது எண்டு முழுக்க வந்திடும்.

வவுனிக்குளத்தான் | புதன் இரவு 8.25

ரெண்டு தரம் அனுப்பிற கதை வந்தபடியால் ஒரு எச்சரிக்கை. யுனீக் போட்டிட்டு, இன்சேர்ட்டில ஒன் கொன்ஃப்ளிக்ட் டூ நத்திங் (மோதினால் பேசாமல் விடு) எண்டு எழுதினால் எரர் வராது, வசதியாய் இருக்கும். ஆனால் மோதின வரிக்கும் சீக்குவன்ஸ் ஒரு எண்ணை எடுத்திட்டுத்தான் வரும். வரி உள்ளுக்க போகாது, எண் போனது போனதுதான்.

நான் முந்தி வேலை செய்த ஒரு இடத்தில ஒரு ஜொப் 10 நிமிசத்துக்கு ஒருக்கா ஓடும், ஒவ்வொரு முறையும் முழு லிஸ்ட்டையும் அனுப்பும், 200,000 வரி. புதுசு அதில பத்தோ இருபதோ. ஒரு நாளைக்கு 144 ஓட்டம், அப்ப 2 கோடியே 88 லட்சம் எண். இன்டிஜர் நிரலுக்குக் கூடினது 2,147,483,647. 75ஆம் நாள் "நெக்ஸ்ட்வல்: ரீச்ட் மாக்சிமம் வேல்யூ ஒஃப் சீக்குவன்ஸ்" எண்டு நிண்டிட்டுது. அட்டவணையில மூண்டு லட்சம் வரிகூட இல்லை. ஆரும் நம்பேல்லை.

இன்னும் பெரிய எண் கொள்ளுற பிக்இன்ட்டுக்கு மாத்தினால் தீரும், ஆனால் மாத்தேக்கை முழு அட்டவணையும் திருப்பி எழுதப்படும், அதுவரைக்கும் பூட்டித்தான் இருக்கும். நிரலை மாத்திப்போட்டு சீக்குவன்சை மறக்காதேங்கோ, அதையும் ஓல்ட்டர் சீக்குவன்ஸ் அஸ் பிக்இன்ட் எண்டு மாத்த வேணும். அதை விட, இருக்கிற வரிகளை முதலே நொட் எக்சிஸ்ட்ஸ் போட்டுக் கழிச்சிட்டு மிச்சத்தை மட்டும் இன்சேர்ட் பண்ணுறது நல்லது. ஒன் கொன்ஃப்ளிக்ட்டைக் காவலுக்கு வச்சிருங்கோ.

கண்டாவளைப்பெடியன் | வியாழன் காலை 7.30

எங்களுக்கு ஒரு நாளைக்கு ஆயிரம் துண்டும் வராது. ஆனாலும் இப்பவே பிக்இன்ட் ஆக்கிறன், அட்டவணை சின்னனாய் இருக்கேக்கை செய்யிறது சுகம்.

இன்னொரு கேள்வி. விழுந்த ஓட்டங்களால ஐடி இடைக்கிடை விட்டுப் போய் இருக்கு. வருச முடிவில கணக்காய்வாளர் வந்து இடையில துண்டு எங்கை எண்டு கேட்டால் என்ன சொல்லுறது?

முதிரை | வியாழன் காலை 9.05

அந்த ஐடியை அவருக்குக் காட்டவே கூடாது. சீக்குவன்ஸ் தாற வாக்குறுதி ஒண்டே ஒண்டுதான்: ஒரே எண்ணை ரெண்டு பேருக்குக் குடுக்காது. இடைவெளி விடமாட்டன் எண்டு அது ஒருநாளும் சொல்லேல்லை. ஒராக்கிளில ஒண்டும் சொல்லாமல் உண்டாக்கினால் 20 எண்ணை எடுத்து மெமரியில வச்சிருக்கும், கரண்ட் போய்ச் சேர்வர் விழுந்தால் மிச்சம் அப்பிடியே போகும்.

பற்றுச்சீட்டு, பில் மாதிரி இடைவெளி இல்லாமல் வர வேண்டிய எண்ணுக்கு சீக்குவன்ஸ் பாவிக்காதேங்கோ. அதுக்கெண்டு தனி அட்டவணை ஒண்டு, நிலையத்துக்கு ஒரு வரி, அதில கடைசி எண். பில் போடுற அதே ட்ரான்சாக்சனுக்குள்ள அந்த வரியை அப்டேட் பண்ணி எண்ணை எடுங்கோ. றோல்பக் ஆனால் எண்ணும் சேர்ந்து திரும்பும். ஒராள் முடிக்கும் வரைக்கும் அடுத்தவர் காத்திருக்க வேணும், அதுதான் விலை. பில்லுக்கு அந்த விலை குடுக்கலாம், நாளாந்தத் துண்டின்ரை உள் ஐடிக்குக் குடுக்கத் தேவையில்லை.

மாங்குளம்சந்தி | வியாழன் காலை 10.20

ஒரு கோடிக்குத் தூக்கி விட்ட நான் நேற்று இருந்து என்ரை இடத்தில எல்லா அட்டவணையும் பாத்தன். அக்கா சொன்ன மாதிரி இன்னும் மூண்டில சீக்குவன்ஸ் மாக்சுக்குக் கீழ நிண்டது. சரிப்படுத்தீட்டன். இனி ஆரும் கையால ஐடி போடாமல் இருக்க, நிரலை ஜெனரேட்டட் ஓல்வேய்ஸ் அஸ் ஐடென்டிட்டி எண்டு ஆக்கினால் காணுமா?

பாலைப்பழம் | வியாழன் காலை 11.00

இன்சேர்ட்டை அது தடுக்கும், ஓவர்ரைடிங் சிஸ்டம் வேல்யூ எண்டு வேணுமெண்டு எழுதினால் ஒழிய. போஸ்ட்கிரெஸ் 10இல இருந்து இருக்கு, புது அட்டவணைக்கு நான் அதைத்தான் பாவிக்கிறன். ஆனால் கொப்பி கட்டளையை அது தடுக்காது. ஃபைலில ஐடி இருந்தால் கொப்பி அந்த ஐடியைத்தான் போடும், சீக்குவன்ஸ் நகராது. தம்பி விழுந்தது அதே கிடங்கிலதான். கொப்பி போட்ட கையோட செட்வல், அதை ஏத்துற ஸ்கிரிப்டிலேயே எழுதி வையுங்கோ.

கண்டாவளைப்பெடியன் | சனி இரவு 8.50

சீஎஸ்வீ எல்லாம் கிடந்தது. இடைத்தங்கலில கொட்டி ஒப்பிட்டன். 212 வரி மாறி விழுந்திருக்கு, எல்லாம் நாலாய்ப் பிரிச்ச நாளுக்குப் பிறகு வந்தவை. அதுக்கு முதல் ஒண்டும் இல்லை. முதல் வரி பிழைச்சது சில, கனக்க எருமைப்பால் வரிதான். ரெண்டு வரி உள்ள துண்டுக்கு ரெண்டு தரம் மாக்ஸ் கேட்டபடியால் அதுக்குத்தான் கூட அடிபட்டிருக்கு.

சங்கத்தில இருந்து கதைச்சவை. குறைஞ்ச ஆக்களுக்கு இந்த 15ஆம் திகதியே மிச்சக் காசு போகுது. தெரியாமல் கூட வாங்கின ஆக்களிட்டைக் கேக்கிறதில்லை எண்டு முடிவு. விசுவமடு அம்மாவின்ரை புத்தகத்தை ஒவ்வொரு நாளாய் அவவோட இருந்து பாத்தன், எட்டு இடத்தில குறைஞ்சிருந்தது. எட்டும் இப்ப சரி.

ஜொப்பின்ரை கடைசிப் படியாய் ஒண்டு சேர்த்திருக்கிறன்: நிலையம் நிலையமாய் சீஎஸ்வீயில உள்ள லீற்றர் கூட்டுத்தொகையும் டேட்டாபேசில ஏறினதும் ஒண்டா எண்டு பாக்கும். ஒரு நிலையம் பிழைச்சாலும் எனக்கு எஸ்எம்எஸ் வரும், அண்டைய ஏத்தல் முழுக்க றோல்பக். நேற்று 11 நிலையமும் சரி. இண்டைக்கு நெடுங்கேணி ஃபைல் இன்னும் வரேல்லை, பாத்துக்கொண்டிருக்கிறன்.